எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பயணத்தில் அந்த இரண்டு ஓய்வு நாள்களைக் குறைக்கலாமா?

உங்கள் கேள்வி சுருக்கமாக இது: வயது 38, வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறீர்கள், இரண்டு மாரத்தான் முடித்திருக்கிறீர்கள். அக்டோபரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடந்துவிட்டு வர ஆசை. ஆனால் விடுப்பு மொத்தமே பன்னிரண்டு நாள். பயண அட்டவணையில் நாம்சே பஜாரில் ஒரு நாள், டிங்போச்சேயில் ஒரு நாள் "ஓய்வு" என்று போட்டிருக்கிறார்கள். உடல் வலுவுள்ளவர் அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கிறீர்கள்.

எடுக்கக் கூடாது. அந்தப் பாதையில் நான் மூன்று முறை நடந்திருக்கிறேன். முதல் முறை போனது, ஒரு ஓய்வு நாளை வெட்டிய குழுவோடு. அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் "ஓய்வு" என்ற சொல்லே தவறு. அந்த நாள்களில் யாரும் போர்வைக்குள் படுத்திருப்பதில்லை. நாம்சே 3,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மறுநாள் காலையில் அங்கிருந்து சியாங்போச்சேக்கு மேலே, 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை ஏறி, ஒரு தேநீர் குடித்துவிட்டு, இரவுக்கு மறுபடியும் நாம்சேக்கே இறங்கிவிடுவார்கள். டிங்போச்சேயிலும் அப்படித்தான், ஊருக்குப் பின்னால் செங்குத்தாக எழும் நங்கர்த்ஷாங் முகட்டில் 5,000 மீட்டர் அளவுக்கு ஏறிவிட்டு, 4,410 மீட்டரில் இருக்கும் அதே கட்டிலுக்குத் திரும்புவார்கள். பகலில் உயரத்தை உடலுக்குக் காட்டிவிட்டு, இரவில் தாழ்வான இடத்தில் தூங்க வைப்பது. பேஸ் கேம்ப் வரை உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த இரண்டு இரவுகள்தான்.

ஏன் என்று புரிய, மேலே காற்று என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். "அங்கே ஆக்ஸிஜன் குறைவு" என்று சொல்வார்கள். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கே போனாலும் கிட்டத்தட்ட 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 5,364 மீட்டரில் இருக்கும் பேஸ் கேம்பில் அது கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு மூச்சிலும் பாதி மூச்சுதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் உடனே செய்யும் காரியம், வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடுவது. அப்படி விடும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அதைக் கண்ட மூளை, "போதும், மூச்சைக் குறை" என்று கட்டளையிடுகிறது. ஆக்ஸிஜன் தேவையோ கூட்டு என்கிறது, இரத்தத்தின் காரம் குறை என்கிறது. இந்த இழுபறி தீர வேண்டுமானால் சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றி இரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குச் சில நாள்கள் பிடிக்கும். நாம்சேயில் இரவில் மூன்று நான்கு முறை எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தால் எரிச்சல் படாதீர்கள், சிறுநீரகம் வேலை செய்கிறது. இரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடுவதற்கு இன்னும் பல வாரங்கள் ஆகும். இந்தப் பயணத்துக்குள் அதை நம்பிப் பயனில்லை.

இந்த இழுபறியை இரவில் காதால் கேட்கலாம். லாட்ஜ்களில் அறைக்கு அறை தடுப்பு வெறும் ஒட்டுப்பலகைதான். பக்கத்து அறையில் தூங்குகிறவரின் மூச்சு வேகமாகிக்கொண்டே போய், திடீரென்று நின்றுவிடும். ஐந்து வினாடி, பத்து வினாடி ஒரு சத்தமும் இருக்காது. பிறகு நீரில் மூழ்கியவர் வெளியே தலை நீட்டியதுபோல ஒரு பெரிய மூச்சை இழுப்பார். முதல் முறை கேட்கும்போது குலை நடுங்கும். அந்த உயரத்தில் அது பெரும்பாலோருக்கு வருவது. அது மட்டும் இருந்தால் பயமில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். லுக்லாவில் விமானம் இறங்கி நடந்து, முதல் இரவு நீங்கள் தங்கும் பாக்டிங் 2,610 மீட்டர். அதாவது நீங்கள் ஊட்டிக்குப் போய் நின்று பார்த்த உச்சிதான் இந்தப் பயணத்தின் முதல் படுக்கை. அதற்கு மேல் உங்கள் உடலுக்கு எந்த முன் அனுபவமும் கிடையாது. உயர மருத்துவம் படித்தவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு, 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது. வழக்கமான அட்டவணையை இதோடு வைத்துப் பாருங்கள். பாக்டிங்கிலிருந்து நாம்சே 830 மீட்டர் ஏற்றம். தெங்போச்சேயிலிருந்து டிங்போச்சே சுமார் 550. டிங்போச்சேயிலிருந்து லோபுச்சே, 4,940 மீட்டர், இன்னொரு 530. எல்லோரும் போகும் அட்டவணையே அந்த அளவின் விளிம்பைத் தொட்டும் தாண்டியும்தான் நிற்கிறது. அதைத் தாங்கிப் பிடிப்பவை அந்த இரண்டு நாள்கள். அவற்றை உருவிவிட்டால் ஐந்தே பகலில் பாக்டிங்கிலிருந்து 5,164 மீட்டரில் இருக்கும் கோரக் ஷெப்புக்குப் போய்ச் சேர்கிறீர்கள்.

ஓடுகிறவருக்கு, உயரத்தால் வரும் மலை நோய் வராதே என்பது உங்கள் எண்ணம். இந்த இடத்தில்தான் நல்ல ஓட்டக்காரர்கள் ஏமாறுகிறார்கள். இதயமும் நுரையீரலும் காலும் பயிற்சிக்குப் பணியும். சிறுநீரகம் இரத்தத்தைச் சரிசெய்யும் வேகம் பயிற்சிக்குப் பணியாது. யாருக்கு மலை நோய் வரும், யாருக்கு வராது என்பது பெரும்பாலும் பிறவி வாகு. கடற்கரையில் இருக்கும் உடல்தகுதியை வைத்து அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. உடல்தகுதி உள்ளவருக்குக் கூடுதலாக ஓர் ஆபத்தும் உண்டு: அவரால் வேகமாக ஏற முடிகிறது. மூச்சிரைத்து உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறவரை அவருடைய பலவீனமே காப்பாற்றிவிடுகிறது.

அந்த முதல் பயணத்தில் நாங்கள் ஏழு பேர். நவம்பர் மாதம். லுக்லா விமானம் வானிலையால் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. அந்த நாளை ஈடுகட்ட, டிங்போச்சே ஓய்வை வெட்டலாம் என்று குழுவில் முடிவானது. நானும் தலையாட்டினேன். எங்களில் ஒருவர் உங்களைப் போலவே ஓட்டக்காரர். நாம்சே ஏற்றத்தில் மற்றவர்களுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தவர். லோபுச்சேயில் அன்று மாலை அவர் தட்டில் தால் பாத், அதாவது பருப்புச் சோறு, அப்படியே இருந்தது. தலைவலி, லேசாகக் குமட்டல், "குளிர்தான் காரணம்" என்றார். எட்டு மணிவாக்கில் வெளியே போய்விட்டுத் திரும்பி வரும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார். எங்கள் யாருக்கும் அது ஒரு சங்கதியாகப் படவில்லை. வழிகாட்டி மட்டும் எழுந்தார். சாப்பாட்டு அறையின் தரைப்பலகைகள் இணையும் கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து அந்தக் கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். நண்பர் சிரித்துக்கொண்டே தொடங்கினார். மூன்றாவது அடியில் குடித்தவர்போல இடப்பக்கம் சாய்ந்து, அடுப்புக் குழாயைப் பிடிக்கப் போனார்.

வழிகாட்டி ஒன்றும் பேசாமல் அவருடைய பையைக் கட்டத் தொடங்கினார். "காலையில் பார்த்துக்கொள்ளலாமே, வெளியே உறைகுளிர்" என்றோம் நாங்கள். "காலையில் இவரை எழுப்ப முடியாமல் போகலாம்" என்றார். தலைவிளக்கு வெளிச்சத்தில் இருவர் தோளில் அவரைத் தாங்கிக்கொண்டு இறங்கினோம். துக்லா கணவாயில், மலையில் உயிர்விட்டவர்களுக்காக அடுக்கப்பட்ட கற்குவியல்களுக்கு நடுவே போனபோது அவர் தன் மனைவியின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அங்கிருந்து செங்குத்தான இறக்கம். கீழே துக்லா ஊருக்கு, 4,620 மீட்டருக்கு, வந்து சேர்ந்தபோது, "எனக்குத் தண்ணீர் வேண்டும், ஏன் இறங்குகிறோம்?" என்று தெளிவாகக் கேட்டார். முந்நூறு மீட்டர் இறக்கம் செய்த வேலை அது. நள்ளிரவுக்குப் பிறகு பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையத்தில் ஆக்ஸிஜனும் டெக்ஸாமெத்தசோன் ஊசியும் கொடுத்தார்கள். இரண்டு நாளில் அவர் தானாகவே நாம்சேக்கு நடந்து போனார். வந்தது மூளை வீக்கம். நான் தலையாட்டிய அந்த முடிவை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அதனால் அறிகுறிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். தலைவலி, பசியின்மை, குமட்டல், அசதி, தூக்கமின்மை என்று இருந்தால் அது மலை நோயின் தொடக்கம். உயரத்தில் உடம்பு சரியில்லை என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது மலை நோய்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அறிகுறியோடு ஓர் அடிகூட உயரே போகக் கூடாது. இருந்த இடத்தில் தங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். தள்ளாட்டம், குழப்பம், பேச்சுக் குழறல் வந்தால் மூளை வீங்குகிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓயாத இருமல், இளஞ்சிவப்பாக நுரைச்சளி வருவது என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. இந்த இரண்டிலும் பொழுது விடியக் காத்திருக்கக் கூடாது. ஹெலிகாப்டருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதைவிட, நடக்க வாய்ப்பிருந்தால் இறங்கத் தொடங்குவதே மேல். இரவில் அது பறக்காது, பனிமூட்டத்திலும் பறக்காது. ஆனால் காப்பீடு எடுக்கும்போது 6,000 மீட்டர் வரையிலான நடைப்பயணமும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்கியிருக்கிறதா என்று வரிவரியாகப் படித்துவிடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் இது இருக்காது.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். மாலையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, அதைக் கைக்குக் கை மாற்றி எண்களை ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. கோரக் ஷெப்பில் 80 என்று காட்டினால் ஊரில் இருக்கிறவர் பதறுவார். அங்கே அது சாதாரணம். எண்ணை நம்பி அறிகுறியை விட்டுவிடாதீர்கள். எங்கள் நண்பருக்கு அன்று மாலை என் எண்ணைவிட நல்ல எண்தான் காட்டியது.

டயமாக்ஸ் போட்டுக்கொண்டு நாள்களைக் குறைக்கலாமா என்பது அடுத்து எழும் கேள்வி. டயமாக்ஸ் என்கிற அசெட்டசோலமைடு அறிகுறியை மூடி மறைக்கும் மாத்திரை அல்ல. சிறுநீரகம் தானாகச் செய்யும் அதே பைகார்பனேட் வேலையை விரைவுபடுத்துகிறது. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல்நுனிகள் குறுகுறுக்கும், சோடா சுவையற்றுப் போகும், சிறுநீர் கூடும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது; மற்றவர்களும் கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. நல்ல அட்டவணையோடு சேர்த்து எடுத்தால் உதவும். அட்டவணைக்குப் பதிலாக எடுத்தால் ஆபத்தைச் சில நூறு மீட்டர் மேலே தள்ளிவைக்கும், அவ்வளவுதான். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை அடக்குபவை, ஏறும் நாள்களில் இரண்டும் வேண்டாம்.

நாள்களைக் குறைப்பதில் உங்கள் உயிர் மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். உங்கள் பையைத் தூக்கி வருகிறவர் ஒருவர் இருக்கிறார். இமயத்தில் சுமை தூக்குகிறவர் எல்லாம் ஷெர்பா என்று நம் ஊரில் நினைக்கிறோம். பலர் ராய், தமாங், மகர் இனத்தவர். கீழே நெல்லும் சோளமும் விளையும் மலைக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள். ஷெர்பாக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழ்ந்ததால் கிடைத்த மரபணு வாகு உண்டு. தாழ்நிலக் கிராமத்து இளைஞருக்கு அது கிடையாது. உங்களுக்கு வரும் நோய் அவருக்கும் வரும், அதுவும் முதுகில் இருபத்தைந்து முப்பது கிலோவோடு. தலைவலி என்று சொன்னால் கூலி போய்விடுமோ என்று அவர் வாய் திறக்க மாட்டார். நீங்கள் ஒரு நாளை வெட்டும்போது அவருடைய நாளையும் சேர்த்துத்தான் வெட்டுகிறீர்கள். தினமும் மாலையில் அவரிடம் போய், சாப்பிட்டாரா, தலை வலிக்கிறதா, இரவுக்குப் போர்வை இருக்கிறதா என்று கேளுங்கள். அவருக்கும் காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

இன்னொன்று, உங்கள் கணக்கில் லுக்லா விமான நிலையம் இல்லவே இல்லை. ஓடுபாதை 527 மீட்டர்தான். ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. சுமார் 12 சதவீதச் சரிவு. இறங்க முடியாமல் மறுபடி எழும்பிச் சுற்றி வருவதற்கு இடமில்லை என்பதால், மேகம் கொஞ்சம் இறங்கினாலே விமானம் நின்றுவிடும். கூட்டம் மிகுந்த அக்டோபரில் காத்மாண்டு நெரிசலால் பெரும்பாலான விமானங்கள் ராமேச்சாப் அருகிலுள்ள மந்தலியிலிருந்து கிளம்புகின்றன. அதற்கு நள்ளிரவு தாண்டி ஜீப்பில் ஏறி நான்கைந்து மணி நேரம் மலைப்பாதையில் போக வேண்டும். போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள் என்று இரண்டு நாளைச் சும்மா ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும். அப்படி ஒதுக்காதவர்கள் கடைசியில் கைவைப்பது டிங்போச்சேயில்தான். எங்கள் குழு செய்ததும் அதுவே.

மற்றவை சுருக்கமாக. இந்தியர்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். சாகர்மாதா தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணத்தில் சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். நாம்சேக்கு மேல் இறைச்சியைத் தவிர்த்துவிடுங்கள். கும்பு எனப்படும் இந்த மலைப்பகுதியில் விலங்கு அறுப்பதில்லை, எல்லாம் கீழிருந்து நாள்கணக்கில் முதுகில் வருவது. தால் பாத் நம் நாக்குக்குப் பொருந்தும், கேட்கக் கேட்கப் போடுவார்கள். கோரக் ஷெப்பில் தண்ணீர் 83 டிகிரிவாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு எளிதில் வேகாது. தினமும் மூன்று நான்கு லிட்டர் குடியுங்கள். யாக் கூட்டம் எதிரே வந்தால் பள்ளத்தாக்குப் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவர்ப் பக்கம் ஒட்டி நில்லுங்கள். மாடிப்படியில் பத்துக் கிலோ பையோடு ஏறி இறங்கும் பயிற்சி, ஓட்டத்தைவிட அங்கே அதிகம் உதவும். குறிப்பாக இறக்கத்துக்கு, முழங்காலுக்கு.

இனி உங்கள் பன்னிரண்டு நாளுக்கு வருவோம். வழக்கமான நடை லுக்லாவிலிருந்து லுக்லா வரை பதினொரு பன்னிரண்டு நாள். காத்மாண்டு போக்குவரத்தும் அந்த இரண்டு காத்திருப்பு நாளும் சேர்த்தால் பதினாறுக்குக் குறையாது. தீபாவளி விடுமுறையோடு ஒட்டி நான்கு நாள் கூடுதலாகக் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் பேஸ் கேம்ப் போங்கள்.

கிடைக்காவிட்டால் தெங்போச்சே வரை போய் வாருங்கள் என்பதே என் பரிந்துரை. முதல் நாள் காத்மாண்டு. இரண்டாம் நாள் லுக்லாவில் இறங்கி பாக்டிங், மூன்றாம் நாள் நாம்சே, நான்காம் நாள் சியாங்போச்சே ஏறி இறங்குதல். ஐந்தாம் நாள் கும்ஜுங் கிராமம் வழியாக தெங்போச்சே. 1961இல் ஹிலாரி கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம் கும்ஜுங்கில் இருக்கிறது. ஆறாம் நாள் பங்போச்சே போய் அங்குள்ள பழைய மடாலயத்தைப் பார்த்துவிட்டு தெங்போச்சேக்கே திரும்புங்கள். ஏழாம் நாள் நாம்சே, எட்டாம் நாள் லுக்லா, ஒன்பதாம் நாள் காத்மாண்டு. கையில் மூன்று நாள் மிச்சம், விமானம் தவறினாலும் பதற்றமில்லை.

இதில் எதையோ இழக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். பேஸ் கேம்பில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது. எவரெஸ்டின் மேற்குத் தோளே மறைத்துவிடும். உச்சியைப் பார்க்க மறுநாள் விடிகாலையில் காலா பத்தர் என்ற முகட்டில் ஏற வேண்டும். தெங்போச்சே மடாலய முற்றத்திலோ, வானம் தெளிந்திருந்தால், இருந்த இடத்திலிருந்தே நுப்ட்சே முகட்டுக்குப் பின்னால் எவரெஸ்ட் உச்சியும், பக்கத்தில் லோட்சேயும், வலப்பக்கம் அமா தப்லமும் தெரியும். மாலை ஐந்து மணிக்குமேல் ஸ்வெட்டரை இறுக்கிக்கொண்டு அங்கே நில்லுங்கள். பள்ளத்தாக்கு முழுவதும் இருட்டிய பிறகும் எவரெஸ்டின் நுனியில் மட்டும் செம்மஞ்சள் வெளிச்சம் சிறிது நேரம் தங்கியிருக்கும். உள்ளே பிக்குகளின் கொம்பு ஊதும் சத்தம் கேட்கத் தொடங்கினால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சுவரோரம் உட்காரலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.